சித்தப்பாவும் நான்கு லிட்டர் எண்ணெயும்

ஹைப்ரிட் மோட்டார் வண்டியில் கியர் போடும் வேலை கிடையாது. ஆனால் கியர்ப் பெட்டி உண்டு. பெட்டிக்குள் எண்ணெயும் உண்டு. அந்த எண்ணெயை மாற்ற வேண்டுமா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அது வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போட்டது, தொடவே கூடாது" என்பார் ஒருவர். "அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பெட்டியே போய்விடும்" என்பார் இன்னொருவர். இருவரும் தம் வண்டியின் எண்ணெயைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். நான் கண்டேன். கண்டது மட்டுமல்ல, தலைமயிரிலிருந்து அதைப் போக்க மூன்று நாள் சீயக்காய் தேய்த்தேன். சங்க மலருக்கு இலக்கியமாக ஏதாவது எழுது என்று கேட்ட நண்பர் மன்னிக்க வேண்டும். இந்த ஆண்டு என் கைவசம் இருப்பது எண்ணெய்க் கட்டுரைதான்.

டில்லிக்குப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருக்கு இங்கே ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். விடுதிச் சப்பாத்தியிலிருந்து தப்பிக்க ஞாயிற்றுக்கிழமை அவர் வீடே கதி. என் சித்தப்பா இருப்பது மயூர் விஹாரில். ரயில்வேயின் டீசல் ஷெட் ஒன்றில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, கேட்பது அதிகம். 'கேட்பது' என்றால் மனிதர்கள் பேசுவதை அல்ல, யந்திரங்கள் பேசுவதை.

சித்திக்கு நான்கு ஆண்டுகளாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் யந்திரத்தோடு கிடந்துவிட்டுத் திரும்பும்போது சித்தி துவைத்துப் பிழிந்த துணி போல் இருப்பாள். அந்த நேரத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் போதும், வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும். முன்பிருந்த சிறிய காரில், சிக்னலுக்குச் சிக்னல் சித்தப்பா கிளச்சை மிதித்துக் கியர் போட, பின்னால் சித்தி பிளாஸ்டிக் பையை வாயருகில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் காரை விற்றுவிட்டு, 2021இல் சேமிப்பிலிருந்து எடுத்து, பழைய காம்ரி ஹைப்ரிட் ஒன்றை வாங்கினார். 2014ஆம் ஆண்டு வண்டி. இந்த ரகத்தை டொயோட்டா 2013 முதல் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் ஒன்றுசேர்த்து விற்றது. "ரிட்டயர் ஆனவனுக்கு இவ்வளவு பெரிய காரா?" என்று ஊரிலிருந்து என் தகப்பனார் போனில் கேட்டார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அந்த வண்டி நிற்பதும் தெரியாது, புறப்படுவதும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேரும் வரை சித்தி தூங்கிக்கொண்டு வருவாள். அதுதான் பதில்.

ஏன் குலுங்குவதில்லை என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் சித்தப்பாதான். நான் பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். இருந்தாலும் அவர் சொன்ன விதம் எந்தப் பேராசிரியருக்கும் வராது. "உனக்கு டபிள்யூ.டி.எம். டூ எஞ்சின் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். 1964 முதல் பனாரஸ் ஆலையில் செய்யப்பட்ட டீசல் ரயில் எஞ்சின் அது. 2,600 குதிரைச் சக்தி. அவ்வளவு பெரிய டீசல் யந்திரம் ரயிலின் சக்கரத்தைத் தொடுவதே இல்லையாம். அது ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் மின்சாரம் கொடுக்கும். ஆறு அச்சுகளில் இருக்கும் ஆறு மோட்டார்கள் சக்கரங்களைச் சுற்றும். அதனால்தான் இருபது பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பும்போதும் கியர் மாற்றும் வெட்டு இல்லை.

இந்தக் கார் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இதில் பெட்ரோல் எஞ்சின் பாதி நேரடியாகவும் பாதி மின்சார வழியாகவும் சக்கரத்துக்கு வேலை செய்கிறது. நடுவே சூரியனைப் போல் ஒரு பல்சக்கரம். அதைச் சுற்றிவரும் சிறு சக்கரங்கள். எல்லாவற்றையும் வளைத்து வெளியே ஒரு பல்வளையம். சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின், நடுச் சக்கரத்தில் ஜெனரேட்டர், வளையத்தோடு பெரிய மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும். இந்த அமைப்பைக் கொண்டு 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ் காரில் நடுச் சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78. பற்களை எண்ணினாலே பங்கீடு தெரிந்துவிடும்: எஞ்சினின் முறுக்கு விசையில் நூற்றுக்கு 72 பங்கு வளையத்துக்கு, 28 பங்கு ஜெனரேட்டருக்கு. ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். கிளச் இல்லை, பெல்ட் இல்லை. பின்னால் போவதற்குத் தனிக் கியர்கூட இல்லை. பெரிய மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் தீர்ந்தது. இவ்வளவு சாதுவான யந்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள், ஒரே எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கின்றன. விஷயமே இங்கேதான். அந்த எண்ணெய் பல்சக்கரங்களுக்கு மசகாக இருப்பதோடு, மோட்டார்களின் செப்புக் கம்பிச் சுருளிலிருந்து சூட்டை எடுத்துச் செல்ல வேண்டும்; மின்சாரமும் அதன் வழியாகக் கசியக்கூடாது. ஆகவே கைக்குக் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றக்கூடாது. இந்த வண்டிக்கு 'ஏ.டி.எஃப். டபிள்யூ.எஸ்.' என்ற ரகம். புதிதாக இருக்கும்போது ரோஜாப்பூ சர்பத்தைப் போல் சிவப்பாக இருக்கும்.

சர்வீஸ் நிலையத்தில் சித்தப்பா விசாரித்தார். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகவே, அட்டவணையில் இந்த எண்ணெயை மாற்றச் சொல்லவில்லை என்றான். பொய்யல்ல. இந்தப் பெட்டியில் உரசித் தேயும் கிளச்சுத் தட்டுகள் இல்லாததால், மற்ற தானியங்கிப் பெட்டிகளைப் போல் எண்ணெய் சீக்கிரம் கெடாது. ஆனால் அதே நிறுவனத்தின் அமெரிக்க அட்டவணைகள் சிலவற்றில், பாரம் இழுக்கும் வண்டிகளுக்கு 60,000 மைலில் மாற்றும்படி போட்டிருக்கிறது. டில்லியின் ஜூன் மாத வெயிலில், ஐ.டி.ஓ. பாலத்து நெரிசலில், அடிக்கு அடி நின்று போகும் வண்டியைப் பாரம் இழுக்கும் வண்டியோடு சேர்ப்பதா, சாதாரண வண்டியோடு சேர்ப்பதா? அட்டவணை எழுதியவர்கள் ஐ.டி.ஓ. பாலத்தைப் பார்த்ததில்லை.

சித்தப்பாவின் சங்கடம் வேறு. ஷெட்டில் எண்ணெய்தான் யந்திரத்தின் நாடி. ஒவ்வொரு எஞ்சினிலிருந்தும் முறை வைத்து எண்ணெய் எடுத்து, ஸ்பெக்ட்ரோ என்ற கருவியில் வைத்து, இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். செம்பு திடீரென்று ஏறினால் உள்ளே ஏதோ பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். வழியில் நின்றுபோவதற்கு முன்பே வண்டியைப் பிடித்துவிடலாம். முப்பத்தோராண்டு அப்படிப் பழகியவருக்கு, 1,31,000 கிலோமீட்டர் ஓடிய பெட்டியின் எண்ணெயை ஒருமுறைகூடப் பாராமல் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது உறுத்தியது. "கெட்டிருக்குன்னு சொல்லலைம்மா. எப்படி இருக்குன்னு தெரியலையே" என்றார்.

சித்திதான் வழக்கைத் தீர்த்து வைத்தாள். "எனக்கு வாரத்துக்கு மூணு தடவை சுத்தம் பண்றாங்க. அந்த வண்டிக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணினா என்ன? பண்ணுங்களேன்!"

இதில் நாள் குறிப்பதே பெரிய காரியம். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய். வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை வேலை, ஏதாவது தகராறு என்றால் திங்கட்கிழமை கையில் இருக்கும். டாக்ஸி கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும், மற்ற மாதங்களில். டிசம்பர் மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனியில் வருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு போனை எடுக்காமல் இருந்தவர்களை எங்கள் வீடு பார்த்திருக்கிறது. ஒரு டயாலிசிஸ் தவறினால் சித்திக்கு மூச்சுத் திணறும். எனவே செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி வாசலில் நின்றாக வேண்டும். அதில் சமாதானமே கிடையாது.

காஷ்மீரி கேட் கடைத்தெருவுக்கு நானும் உடன் போனேன். டில்லியில் மோட்டார் சாமான் என்றால் அங்கேதான். போலியும் அங்கேதான் என்பதால், ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் முத்திரையையும் சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு லிட்டர் டப்பா ஐந்து வாங்கினோம். இரண்டு திருகுகளுக்கும் புது வாஷர். ஜாக்கி ஸ்டாண்டு நான்கும் டார்க் ரெஞ்சு ஒன்றும் அடுத்த தெரு மெக்கானிக் இரவல் கொடுத்தார். ஸ்டாண்டு ஏன் நான்கு? முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் வண்டி சாய்ந்து நிற்கும். எண்ணெயின் மட்டம் தப்பாகக் காட்டும். நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி, கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம்.

வேலைக்கு முன் சித்தப்பா கேட்டது, "சாவி எங்கே?"

ஹைப்ரிட் வண்டியில் இது விளையாட்டுக் கேள்வியல்ல. சாதாரண வண்டி ஓடினால் சத்தம் கேட்கும். இது விழித்திருந்தாலும் தூங்குவது போலவே இருக்கும். பாட்டரி இறங்கினால் எஞ்சின் தானாகவே கிளம்பும். கீழே ஆள் படுத்திருப்பது அதற்குத் தெரியாது. வண்டியை முழுவதும் அணைத்து, சாவியைச் சித்தியிடம் கொடுத்தோம். சித்தி அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, தானே காவலாகச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மற்றொரு கட்டளை: ஆரஞ்சு நிறக் குழாய் எதையும் தொடாதே. அதற்குள் போவது மின்கம்பி. பின்னால் இருக்கும் பாட்டரி சுமார் 245 வோல்ட். அதை 650 வரை உயர்த்தி மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். எண்ணெய் மாற்றுவதற்கு அந்தப் பக்கம் கை போகவே வேண்டியதில்லை. இன்னொன்று: எஞ்சின் ஆயில் திருகும் அருகிலேயே கீழ்நோக்கி இருக்கிறது. அவசரக்காரர்கள் அதைக் கழற்றி எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, கியர்ப் பெட்டியில் நான்கு லிட்டர் கூடுதலாக ஊற்றுவதும் உண்டாம். சித்தப்பா சாக்குக்கட்டியால் நம் திருகுகள் இரண்டுக்கும் வட்டம் போட்டார். மேலே இருப்பது நிரப்பும் திருகு; கீழே இருப்பது வடிக்கும் திருகு.

நான் கீழே இருப்பதற்கு ரெஞ்சைக் கொண்டு போனேன் என்று நினைப்பீர்கள். அதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்: "மேல இருக்கிறது கழண்டால்தான் கீழ இருக்கிறதைத் தொடணும்." யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய சட்டம்! வடித்த பிறகு நிரப்பும் திருகு கழலாவிட்டால், வண்டி எண்ணெயில்லாமல் ஸ்டாண்டின் மேல் நிற்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துவிடும்.

அந்தத் திருகு கழலவில்லை.

பத்தாண்டாக யாரும் தொடாத திருகு. நான் இழுத்தேன், சித்தப்பா இழுத்தார், இருவரும் சேர்ந்து இழுத்தோம். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து அரை மணி காத்திருந்தோம். சித்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் ஒன்றில் பாதி, அவளுக்கு. நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருப்பதால், அவள் காப்பியைக் குடிப்பதில்லை, நாக்கில் நனைத்துக்கொள்வாள். "வரலேன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "வரலேன்னா இன்னிக்கு வேலை இல்லை. வண்டியை இறக்கிடுவோம். இருக்கிற எண்ணெயோட செவ்வாய்க்கிழமை எப்பவும்போல போவோம்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. நான்கு ஸ்டாண்டு, ரசமட்டம், காஷ்மீரி கேட் பிரயாணம், எல்லாம் ஒரு திருகுக்குத் தோற்பதா? அவருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஷெட்டில் எத்தனையோ திருகுகளைப் பார்த்தவர்.

பிறகு அடுத்த தெரு மெக்கானிக்கே வந்தார், ஒன்றரை முழ இரும்புக் குழாயோடு. ரெஞ்சின் பிடியில் குழாயைச் செருகி, கால் ஊன்றி, "பகவான் கா நாம் லோ" என்றார். சித்தப்பா முருகா என்றார். 'டக்'கென்று ஒரு சத்தம். திருகு உடைந்தது என்றே நினைத்தேன். திரும்பித்தான் இருந்தது.

கீழ்த் திருகு சுலபமாக வந்தது. எண்ணெய் கயிறு போல் இறங்கியது. சிவப்பு இல்லை, ஆறிப்போன கட்டன் டீயின் நிறம். சித்தப்பா பேசவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். நெருநெருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். மோந்து பார்த்தார், தீய்ந்த வாடை இல்லை. மையொற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டு, அது வட்டமாகப் பரவுவதை வாட்ச் பார்த்துக்கொண்டே கவனித்தார். நடுவில் கருந்திட்டு விழவில்லை. ஒரே சீரான பழுப்பு. கடைசியாக, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, வடித்த எண்ணெய்க்குள் துழாவி எடுத்தார். சாம்பல் நிறத்தில் மைபோல மெல்லிய படிவு. துண்டு, சீவல் எதுவும் இல்லை. பற்கள் புதிதில் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் பொடிதான் அது, பயமில்லை என்றார். அப்போதுதான் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஸ்பெக்ட்ரோ இல்லாத குறைக்கு ஒரு மனிதரின் விரலும் மூக்கும் காந்தமும் போதுமாக இருந்தன.

வடிந்ததைக் காலி டப்பாக்களில் அளந்தோம்: மூன்றே முக்கால் லிட்டர். கீழ்த் திருகைப் புது வாஷரோடு பூட்டி, மேலே பானெட்டிலிருந்து நீண்ட ரப்பர் குழாயை இறக்கி, புனல் வைத்துப் புது எண்ணெய் ஊற்றினோம். ஊற்றுவது நான், கீழே படுத்து வாயைப் பார்ப்பது அவர். மூன்றே முக்காலைத் தாண்டியதும் நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்த்து வழிந்தது. வழிவது நின்று சொட்டாகும் வரை காத்திருந்தோம். மட்டம் விளிம்பிலிருந்து பத்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். எங்களுடையது விளிம்பிலேயே நின்றது. டார்க் ரெஞ்சில் புத்தகத்தில் கண்ட அளவை வைத்து முடுக்கினோம். நான் குழாயை உருவும்போது அதில் தங்கியிருந்ததெல்லாம் என் தலையில் இறங்கியது. அது எந்த அட்டவணையிலும் இல்லாத மில்லிலிட்டர்.

பழைய எண்ணெயைக் காலனி வாட்ச்மேன் கேட்டார், கட்டிலில் கரையான் வராமலிருக்கத் தடவுவதற்கு. ஊரிலும் நாம் செய்வதுதான். ஆனால் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, பழைய எண்ணெய் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் போக வேண்டும். மெக்கானிக் அப்படி எடுத்துச் செல்பவருக்குக் கொடுப்பவர் என்பதால் டப்பாக்கள் அவரோடு போயின. வாட்ச்மேனுக்குக் கடையிலிருந்து கரையான் மருந்து வாங்கிக் கொடுத்தார் சித்தப்பா.

அன்று மாலை யமுனைப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி முன்னைவிட நன்றாக ஓடிற்றா என்று கேட்டால், இல்லை. முன்பு ஓடியது போலவே ஓடிற்று. எண்ணெய் மாற்றியதும் வண்டி பறக்கிறது என்பவர்களை நம்பாதீர்கள். சித்தப்பாவின் ஓட்டத்தில்தான் சிறு வித்தியாசம். காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறவர், அன்று வானொலியைப் போட்டார்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் சித்தியின் எடை, போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு, உடம்பிலிருந்து எடுத்த நீர் எத்தனை லிட்டர் என்று ஷெட் பதிவேட்டைப் போல் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அன்றிரவு அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, '1,31,240 கி.மீ. எடுத்தது 3.75. ஊற்றியது 3.9. உலோகத் துகள் இல்லை. அடுத்தது 1,90,000' என்று எழுதினார். சித்தி எட்டிப் பார்த்தாள். "அதுக்கு எடுத்ததைவிட அதிகமா ஊத்தியிருக்கீங்க. எனக்கு மட்டும் எடுக்கத்தான் எடுக்கிறாங்க" என்றாள். பிறகு அந்தக் கடைசி எண்ணை விரலால் தொட்டு, "இதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?" என்று என்னைக் கேட்டாள். கணக்குப் போட்டு, ஐந்தாறு ஆண்டு ஆகும் என்றேன். "சரி, அப்பவும் சாவியை நானே வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

திங்கட்கிழமை காலை நான் விடுதிக்குத் திரும்பிவிட்டேன். வண்டிக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து வைத்திருந்தார் சித்தப்பா, எங்காவது சொட்டுகிறதா என்று பார்க்க. செவ்வாய்க்கிழமை நல்ல மூடுபனி. பதினொன்றரை மணிக்கு, வகுப்பு முடிந்ததும் போன் செய்தேன். சித்தியை எடுத்துக்கொண்டு திரும்பி வரும் வழியில் இருந்தார். மெதுவாகப் பேசினார்.

"அட்டையில ஒண்ணும் இல்லைம்மா. சித்தி தூங்கறா, அப்புறம் பேசறேன்."